எழுத்தைப் படமாக்குவோம்; எழுத்தையும் காப்போம்



கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களுக்குப் பயணம் செய்தவர்கள் அந்தப் பாதைகளை மறந்திருக்க மாட்டார்கள். எங்கு நோக்கினும் செம்பனை மரங்கள். இடையிடையே ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. ஒரு காலத்தில் லயங்கள் வரிசை வரிசையாக நின்ற இடத்தில் பல தோட்டங்களில் இன்று வெறும் மேடுதான் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயா என்பது வேறொன்றுமல்ல. நம் பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைத்துப் பழகிய அதே ஊர்தான்.

அந்த ஊரை அடுத்த தெனாமாரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை, இந்த நாட்டின் முதலாவது வாணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். பின்னர் அவர் நாவல் ஒன்றும் எழுதி, 1930இல் பிரான்சு நாட்டின் கொன்கூர் பரிசையும் பெற்றார். அவருடைய பெயர் வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. நல்லது. ஆனால் அந்தக் கன்றுகளுக்குக் குழி வெட்டியவர்கள் யார்? தண்ணீர் சுமந்தவர்கள் யார்? அவர்களுடைய பெயர்கள் எந்த நூலில் இருக்கின்றன?

அந்தப் பெயர்கள் செக்ரோல் புத்தகங்களில் இருந்தன. பள்ளிப் பதிவேடுகளில் இருந்தன. கோயில் வரவு செலவுக் கணக்குகளில் இருந்தன. இன்று மிச்சமிருப்பவை பெரும்பாலும் நம் வீட்டுப் பிஸ்கட் டின்களிலும் தகரப் பெட்டிகளிலும்தான் இருக்கின்றன. அவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். குறிப்பாக, கணினியில் தட்டச்சு செய்த ஓர் ஆவணத்தைப் படக் கோப்பாக மாற்றுவது எப்படி, அப்படி மாற்றுவதால் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதைப் பார்ப்போம். இது கணினி தெரிந்தவர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது உரியது.

முதலில் ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம்.

அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கோயில் நிர்வாகக் குழுச் செயலாளராக இருந்த ஐயா ஒருவர், 1998ஆம் ஆண்டில் ஓர் அருமையான வேலையைச் செய்தார். லயங்களை விரைவில் காலி செய்ய வேண்டியிருக்கும் என்ற பேச்சு அப்போதே அடிபட்டது. குடும்பங்கள் திசைக்கு ஒன்றாகப் போய்விடுமே என்று கவலைப்பட்ட அவர், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அன்று உயிரோடிருந்த முதியவர்களையெல்லாம் உட்கார வைத்துக் கேட்டார். குடும்பத் தலைவர் பெயர், மனைவி பெயர், தமிழ்நாட்டில் பூர்வீக ஊர், கப்பலேறி வந்த ஆண்டு என்று குறித்துக்கொண்டார். பிறகு தம் மகனைக் கொண்டு அத்தனையையும் கணினியில் தட்டச்சு செய்து ஒரு டிஸ்கெட்டில் சேமித்தார். மொத்தம் 11 பக்கங்கள்.

கணினியில் ஏறிவிட்டது, இனிப் பயமில்லை என்ற நம்பிக்கையில், கையால் எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்.

ஆண்டுகள் உருண்டன. லயங்கள் போயின. டிஸ்கெட்டில் இருந்ததை யாரோ பென் டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். அண்மையில் நாம் அந்த வீட்டிற்குச் சென்றிருந்தபோது, அந்தக் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னோம். திறந்தது. ஆனால் திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும், தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளும், கேள்விக்குறிகளும் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. செயலாளர் ஐயா நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் கேட்டு எழுதிய முதியவர்களில் ஒருவர்கூட இன்று இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த ஓர் அக்காவுக்கு எழுபது வயதிருக்கும். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். அவர் மெல்லக் கேட்டார்: "எங்கம்மா ஊரு எதுன்னு அதுல இருக்கும்னு சொன்னாங்களே, தம்பி. பார்க்க முடியாதா?"

நேயர்களே, அந்தக் கோப்புக்கு என்ன நேர்ந்தது? கறையான் அரித்ததா? மழையில் நனைந்ததா? இல்லை. கோப்பு சற்றும் கெடவில்லை. எழுத்து மட்டும் தொலைந்துவிட்டது. இது எப்படி நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், எழுத்தை ஏன் படமாக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

நாம் காகிதத்தில் 'க' என்று எழுதினால், அங்கே 'க' என்ற வடிவமே இருக்கிறது. கணினியில் தட்டச்சு செய்தாலோ, கோப்பினுள் அந்த வடிவம் இருப்பதில்லை. ஓர் எண் மட்டுமே இருக்கிறது. எழுத்துரு என்பது அந்த எண்ணைப் பார்த்து, அதற்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஏற்பாடு. தோட்டத்தில் ஒருவருக்குச் செக்ரோல் எண் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் இருக்கிறது. ஆனால் எந்த எண் யாருக்கு என்ற புத்தகம் தொலைந்துவிட்டால், வெறும் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

1980களிலும் 1990களிலும் தமிழை எப்படியாவது கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று உலகெங்கும் தமிழர்கள் முயன்றார்கள். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை அமைத்தார். தமிழ்நாட்டில் வேறு பலர் வேறு பல முறைகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய உழைப்பால்தான் இன்று நாம் தமிழில் செய்தி அனுப்புகிறோம். ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு முறையும் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வரிசையை வைத்திருந்தது. ஒரு முறையில் தட்டச்சு செய்ததை மற்றொரு முறையில் திறந்தால் குழப்பமே மிஞ்சும். இதைத் தீர்க்கத்தான் 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு எழுத்துரு முறைகளை அறிவித்தது. அதே காலத்தில் இணையத் தமிழரிடையே திஸ்கி என்ற முறை பரவியது. இறுதியில் யூனிகோட் என்னும் ஒருங்குறி நிலைத்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கும் அந்த முறையில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஒருங்குறியில் 'க' என்ற எழுத்தின் எண் 2965. மலேசியாவிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த எண் ஒன்றுதான்.

அப்படியானால் இனிச் சிக்கலே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். பெருமளவு குறைந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 'கோலசிலாங்கூர்' என்ற சொல்லின் முதலெழுத்தையே பாருங்கள். 'கோ' என்பதற்குக் கோப்பினுள் இரண்டு எண்கள் இருக்கின்றன: ககரத்துக்கு 2965, ஓகாரக் குறிக்கு 3019. இரண்டாவது எண்ணைக் கண்டதும், எழுத்துக்கு முன்னால் இரட்டைக் கொம்பும் பின்னால் காலும் போட வேண்டும் என்பதைக் கணினி அறிந்திருக்க வேண்டும். தமிழ் அறியாத சில அச்சக மென்பொருள்கள் இன்றும் இதைச் சரியாகச் செய்வதில்லை. கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும். திருவிழா அறிவிப்பையோ திருமண அழைப்பிதழையோ தட்டச்சு செய்து அச்சகத்துக்கு அனுப்பி, தோரணத்துணியில் பிழையான தமிழைப் பார்த்து மனம் நொந்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பார்கள்.

இங்கேதான் படக் கோப்பு துணைக்கு வருகிறது.

படக் கோப்பில் எழுத்தின் எண் இல்லை, வடிவமே இருக்கிறது. ஒரு முழு ஏ4 தாளை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் படமாக்கினால், குறுக்கே 2480 புள்ளிகளும் நெடுக்கே 3508 புள்ளிகளும் அமைகின்றன. மொத்தம் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா, வெளுப்பா, வேறு நிறமா என்பது பதிவாகிறது. பாய் முடைகிறவர் சாயம் தோய்த்த கோரைகளை மாற்றி மாற்றிக் கோத்து ஒரு பூவைக் காட்டுகிறாரல்லவா, அதே வித்தைதான். படத்தைக் காட்டத் தெரிந்த எந்தக் கைப்பேசியும் அதை அப்படியே காட்டும். தமிழ் எழுத்துரு இருக்க வேண்டியதில்லை. கொம்பு பிரியாது. வரி கலையாது. ஆகவே அச்சுக்கு அனுப்பும் அறிவிப்பு, பலருக்கு அனுப்பும் அழைப்பு, மாறாமல் நிற்க வேண்டிய பட்டியல் ஆகியவற்றைப் படமாக்கி அனுப்புவது நல்லது.

சரி, இதைச் செய்வது எப்படி? ஐந்து படிகளாகச் சொல்கிறோம்.

முதலாவது, ஆவணத்தை எழுதி முடித்துப் பிழை திருத்திவிடுங்கள். படமாக்கிய பிறகு ஓர் எழுத்தையும் எளிதில் மாற்ற முடியாது.

இரண்டாவது, ஆவணத்தை நேரே படமாக்காமல், முதலில் பி.டி.எப். கோப்பாகச் சேமியுங்கள். 1993இல் வெளிவந்த இந்த முறையில் எழுத்துருவும் கோப்போடு சேர்ந்தே பயணம் செய்யும். இன்று வழக்கிலுள்ள தட்டச்சு மென்பொருள்களில், சேமி என்ற இடத்திலோ ஏற்றுமதி செய் என்ற இடத்திலோ இந்த வசதி இருக்கும்.

மூன்றாவது, அந்தப் பி.டி.எப். கோப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக ஏற்றுமதி செய்யுங்கள். அடர்த்தி எவ்வளவு என்று கேட்டால் 300 என்று கொடுங்கள். எந்த வகைப் படம் என்று கேட்டால், பி.என்.ஜி. என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜேபெக் என்ற வகை 1992 முதல் புகழ்பெற்றது. புகைப்படங்களுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் அது கோப்பைச் சிறிதாக்குவதற்காகப் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, நுட்பமான விவரங்களைத் தள்ளிவிடும். முகப்படத்தில் அது தெரியாது. எழுத்தின் விளிம்பிலோ தூசி படிந்தாற்போல் மங்கல் தெரியும். 1996இல் வந்த பி.என்.ஜி. வகையில் அப்படி எதுவும் இழக்கப்படுவதில்லை. ஏற்றுமதி வசதி இல்லாவிட்டால், பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிக் கொண்டு திரையையே படம் பிடிக்கலாம். அது அவசரத்துக்கு உதவும். நெடுநாள் சேமிப்புக்குப் போதாது.

நான்காவது, படத்தை வேறொரு கைப்பேசியில் திறந்து, வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். தமிழில் புள்ளி மிக முக்கியம். புள்ளி இருந்தால் பல். புள்ளி மறைந்தால் பல. எண்களில் 3, 8 ஆகத் தோன்றலாம். 1, 7 ஆகத் தோன்றலாம். வங்கிக் கணக்கு எண்ணும் அடையாளக் கார்டு எண்ணும் உள்ள தாளில் இந்தப் பிழை சிறியதன்று.

ஐந்தாவது, வாட்ஸ்அப் வழியே அனுப்பும்போது, அதைப் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்ற வழியில் இணைத்து அனுப்புங்கள். புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். நாம் பாடுபட்டுக் காத்த தெளிவு வழியிலேயே குறைந்துவிடும்.

இதுவரை சொன்னது கணினியில் தட்டச்சு செய்த ஆவணத்துக்கு. பெட்டியில் கிடக்கும் பழைய காகிதங்களையும் இவ்வாறே படமாக்கலாம். ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கைப்பேசியே போதும். காலை வெளிச்சம் விழும் சன்னலோரம், கறுப்புத் துணி விரித்து, காகிதத்தை மடிப்பு நீக்கி வையுங்கள். நேர் மேலிருந்து, சாய்க்காமல், பிளாஷ் போடாமல் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பல பழைய பத்திரங்களில் முத்திரையும் கையெழுத்தும் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஒட்டிப்போன காகிதத்தைப் பலவந்தமாகப் பிரிக்க வேண்டாம்.

ஒரு துண்டுக் காகிதம் எவ்வளவு பெரியது என்பதை நம் சமூகம் கண்ணீரோடு கற்றிருக்கிறது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற்றாக வேண்டியிருந்தது. தலைமுறையாகப் பால் வெட்டியவர்கள் பலர், குடியுரிமைக்கு உரிய பத்திரம் கையில் இல்லாத காரணத்தால் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இன்றும் பிறப்புப் பத்திரம் தொலைந்தவர் அதன் பதிவு நகலைப் பெறத் தேசியப் பதிவு இலாகாவை நாடும்போது, பழைய பத்திரத்தின் எண்ணும் தேதியும் தெரிந்திருந்தால் தேடுவது எளிதாகிறது. படம் அங்கே கைகொடுக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. படமெடுத்துவிட்டோம் என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் படங்களைப் பலர் கூடும் வாட்ஸ்அப் குழுக்களில் போடவும் வேண்டாம். ஏமாற்றுக்காரர்கள் கையில் அது ஆயுதமாகிவிடும்.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். படமாக்குவதால் நாம் இழப்பது என்ன?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. படத்திலுள்ள எழுத்தும் ஓரளவு அப்படித்தான். பார்க்கலாம், படிக்கலாம். ஆனால் கணினியின் கண்ணுக்கு அது எழுத்தன்று. வெறும் புள்ளிக் கூட்டம். 11 பக்கப் பட்டியலில் 'முனியம்மா' என்ற பெயர் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால், எழுத்துக் கோப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டும். படக் கோப்பு விழிக்கும். கண்பார்வையற்ற ஒருவருக்குக் கைப்பேசி எழுத்தைப் படித்துக் காட்டும். படத்தின் முன்னே பெரும்பாலும் வாயடைத்து நிற்கும். கோப்பின் பருமனும் கூடும். ஒரு பக்கத் தமிழ் எழுத்து ஏறத்தாழ ஆறாயிரம் பைட் அளவில் அடங்கிவிடும். அதே பக்கத்தை வண்ணப் படமாக்கிச் சுருக்காமல் வைத்தால் இரண்டரைக் கோடி பைட்டுக்கு மேல் இடம் வேண்டும்.

படத்திலிருந்து எழுத்தை மீட்கும் எழுத்துணரி மென்பொருள்களும் வந்துவிட்டன. டெசராக்ட் என்ற எழுத்துணரி 2005 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது. அது இன்று தமிழையும் படிக்கிறது. தெளிந்த அச்செழுத்து என்றால் நன்றாகவே படிக்கும். மங்கிய ரோனியோ தாளிலும் கையெழுத்திலும் தடுமாறும். ஆகவே அது படித்ததை மனிதர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

உலகத் தமிழரின் பெருமுயற்சிகள் இரண்டு இந்த இரு வழிகளையும் நமக்குக் காட்டுகின்றன. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். ஒருங்குறி நிலைத்த பிறகு, முன்பு திஸ்கி முறையில் இருந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றினார்கள். அது எழுத்தைக் காத்த வழி. இலங்கையில் 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவையும் அவற்றில் இருந்தன. அந்த இழப்பை மறவாத இலங்கைத் தமிழர்கள் 2005இல் நூலகம் என்ற திட்டத்தைத் தொடங்கி, நூல்களையும் இதழ்களையும் சிறு துண்டறிக்கைகளையும் பக்கம் பக்கமாகப் படமாக்கி வருகிறார்கள். அது வடிவத்தைக் காத்த வழி. எது சிறந்தது என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பதே நம் விடை. எழுத்து நமக்குக் கருவி. படம் அதற்குச் சாட்சி.

இந்த உண்மையை நமக்கு உணர்த்தியது அந்தச் செயலாளர் ஐயாவின் பட்டியல்தான். அதன் முடிவையும் சொல்லிவிடுகிறோம்.

எல்லாரும் மனம் தளர்ந்திருந்த வேளையில், அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பட்டியல் தயாரானபோது, பிழை இருந்தால் சொல்லட்டும் என்று முதல் நான்கு பக்கங்களைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். அதற்காகப் போட்டோஸ்டேட் எடுத்த படிகள் கோயில் கணக்குக் கோப்பில் இருக்கலாம் என்றார். தேடினோம். இருந்தன. மஞ்சளடித்து, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு, ஆனால் ஒவ்வொரு பெயரும் தெளிவாகப் படிக்கும்படி இருந்தன.

அப்போது நம்மோடு வந்திருந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், "இந்த நான்கு பக்கம் போதும், மற்ற ஏழையும் எடுத்துவிடலாம்" என்றார். நாம் நம்பவில்லை. அவர் செய்தது இதுதான். பழைய எழுத்துமுறைகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் கோப்பு எந்த முறையில் அமைந்தது என்பது எவருக்கும் நினைவில்லை. அவர் முதல் பக்கத்தை ஒரு முறையில் மாற்றிப் பார்த்தார். வந்தது தமிழ் எழுத்துதான், ஆனால் பொருளில்லை. வேறொரு முறை. அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் போட்டோஸ்டேட் படியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஐந்தாவது முறையில், திரையின் முதல் வரியும் காகிதத்தின் முதல் வரியும் ஒன்றாக நின்றன. இரண்டொரு எழுத்துகள் மட்டும் மாறி வந்தன. எது எதுவாக மாறுகிறது என்பதையும் அந்த நான்கு பக்கங்களே காட்டிக்கொடுத்தன. அவற்றைத் திருத்தியதும் பூட்டு திறந்துகொண்டது. மற்ற ஏழு பக்கங்களும் தமிழாகப் படிக்க வந்துவிட்டன.

அக்காவின் குடும்பம் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. தாயின் பெயருக்கு நேரே முசிறிப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். ஆசிரியை படித்தார். அக்கா மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்றாம் முறை படித்தபோது, அவரும் கூடவே அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். "இதச் சொல்றதுக்கு இத்தன வருசம் ஆச்சு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

நேயர்களே, அந்த நான்கு தாள்கள் போட்டோஸ்டேட் இயந்திரம் எடுத்த படங்கள்தாம். கணினிக் கோப்பில் எழுத்து இருந்தும் அதனால் தானே பேச முடியவில்லை. படம் பக்கத்தில் நின்று சாட்சி சொன்ன பிறகே அது பேசியது. அதே சமயம், படமாக மட்டும் இருந்திருந்தால் நான்கு பக்கங்களோடு கதை முடிந்திருக்கும். இன்று அந்தப் பட்டியல் ஒருங்குறி எழுத்தாகவும், 11 படங்களாகவும், அச்சிட்ட காகிதமாகவும் மூன்று வீடுகளில் இருக்கிறது.

முற்காலத்தில் ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன் புது ஓலையில் படியெடுத்து வைப்பது நம் முன்னோரின் வழக்கம். படியெடுக்க ஆளில்லாத வீடுகளில், ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டார்கள். அப்படி நீரோடு போன நூல்கள் எத்தனையோ! இன்று படியெடுக்க எழுத்தாணியும் வேண்டாம், மாதக் கணக்கில் உழைப்பும் வேண்டாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆகவே, இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள அந்தப் பிஸ்கட் டின்னைத் திறங்கள். பழைய பத்திரங்களைப் படமெடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் வெறும் எண்ணாக இல்லாமல், தோட்டத்தின் பெயர், ஆள் பெயர், ஆண்டு என்று தமிழிலேயே பெயரிடுங்கள். கணினியில் பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால், அவை இன்று திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால் உடனே ஒருங்குறியாக மாற்றி, படமாகவும் ஏற்றுமதி செய்து வையுங்கள். ஒரு படி உங்களிடம், ஒரு படி வேறோர் ஊரில் வாழும் உறவினரிடம் இருக்கட்டும். அப்படியே, வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காகிதங்களில் உள்ள பெயர்கள் யாருடையவை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே.

செம்பனையை முதலில் நட்ட துரையின் பெயர் நூல்களில் இருக்கிறது. குழி வெட்டியவர்களின் பெயர்களைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.